எட்டாம் கட்டிலின் குறிக்கோள்

காரைக்குடி, அரசு மருத்துவமனை,
ஆண்கள் வார்டு, எட்டாம் கட்டில்.
அடைக்கலம், வயது ஐம்பத்திரண்டு.
வலது கை, வலது கால், வாயின் வலது ஓரம்
மூன்றும் ஒரே விடியலில்
வேலைக்கு வர மறுத்துவிட்டன.

பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி
படிவத்தை நிரப்புகிறேன்:
விழுங்கினால் புரையேறுகிறது.
தானாகப் புரள வரவில்லை.
முதுகுத் தோல் இதுவரை முழுசு.

குறிக்கோள் என்ற கட்டத்தில்
'நலமடைவார்' என்று எழுதக் கூடாது.
அது வேண்டுதல்,
கொப்புடையம்மனிடம் சொல்லிக்கொள்ளலாம்.
இங்கே அளவு வேண்டும், கெடு வேண்டும்.
எனவே
நாலு நாளில் முப்பது மில்லி தண்ணீர், இருமாமல்.
ஆறு நாளில் கட்டில் விளிம்பில் பத்து நிமிடம்.
வீடு போகும்வரை முதுகில் புண் இல்லை.

இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும்.
முப்பத்தொரு கட்டில். இரவில் நான் ஒருத்தி.
தலையணையை எங்கே செருகுவது,
குதிகாலை எப்படித் தொங்கவிடுவது என்று
அவர் மனைவி பஞ்சவர்ணத்துக்குக் காட்டிக்கொடுத்தேன்.
போனில் அலாரம் வைத்துக்கொண்டார்:
பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு.
நாலு மணி அலாரத்துக்கு
ஏழாம் கட்டில்காரர் திட்டுவது என்னைத்தான்.

மூன்றாம் நாள்தான் கேட்டேன்
(முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்),
"உங்களுக்கு என்ன செய்ய வரணும்?"
"இசில்."
இசிவா? ஊசியா?
இடது கையால் தலையணைக்கு அடியில் துழாவி
எடுத்துக் காட்டினார்,
கறுப்புக் கயிற்றில் ஒரு விசில்.

அறந்தாங்கி வண்டியில் பத்தொன்பது வருடம், பின்படியில்.
ஒன்று அடித்தால் நிற்கும்.
இரண்டு அடித்தால் போகும்.

இப்போது ஊதினால்
காற்று வலது ஓரமாகக் கசிந்து
எச்சிலோடு தாடையில் இறங்குகிறது.
ஊர்ப் பெயர்களைச் சொல்லச் சொன்னேன்.
கோட்டையூர், நன்றாகவே வந்தது.
கண்டனூரும்.
புதுவயல் உதுவயல் ஆயிற்று,
பள்ளத்தூர் அள்ளத்தூர்.
உதடு சேராத வாயில் பகரம் ஏற மறுத்தது.
பஞ்சவர்ணம் அஞ்சவர்ணம் ஆனார்.
"பஞ்சன்னாலும் அஞ்சுதானே, விடுங்க சிஸ்டர்"
என்று சிரித்தவர்
குழாயடிக்குப் போய் நெடுநேரம் டம்ளர் கழுவினார்.

படிவத்தில் ஒரு வரி சேர்த்தேன்:
பதினாலாம் நாளுக்குள் விசில் ஊதுவார், இரண்டு தரம்.
ஜெஸிந்தா சிஸ்டர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
"இதென்ன குறிக்கோள்?"
"எண்ணிப் பார்க்கலாம், சிஸ்டர். கெடுவும் போட்டிருக்கேன்."
ஒன்றும் சொல்லவில்லை, கையெழுத்துப் போட்டார்.

சாப்பாட்டு ட்ரேயில் ஒரு பஞ்சு உருண்டை.
இந்த முனை காரைக்குடி, அந்த முனை அறந்தாங்கி.
ஊது.
முதல் நாள் பஞ்சு கழனிவாசலே தாண்டவில்லை.
இரண்டாம் நாள் ஈரமாகி ஒட்டிக்கொண்டது.
நான் விடுப்பில் இருந்த ஞாயிறு
புதுவயல்வரை போனதாம்,
ஏழாம் கட்டில்காரர் சாட்சி சொன்னார்,
சொந்தக்காரர் வண்டி போல.

பதினாலாம் நாள், ரவுண்ட்ஸுக்கு முன்னால்,
இடது விரலால் வலது உதட்டோரத்தை அழுத்திப் பிடித்து
ஊதினார்.
ஒரு விசில்.
சிலிண்டர் தள்ளி வந்த மாரிச்சாமி
அப்படியே நின்றுவிட்டான்.
வார்டே நின்றது.
இரண்டாவதுக்கு நாங்கள் காத்திருந்தோம்.
வெறும் காற்று.
மறுபடி, வெறும் காற்று.

பகுதி நிறைவேறியது என்று எழுதினேன்.
எங்களிடம் அப்படியொரு சொல் இருப்பது
அன்றைக்கு உதவியாக இருந்தது.
புதுக் கெடு, அடுத்த வியாழன், புறநோயாளிப் பிரிவு.
சீட்டின் பின்பக்கம்:
வரும்போது விசிலைக் கொண்டுவரவும்.

ஆட்டோவில் ஏற்றுவதற்கு முன்
சட்டையைத் தூக்கி ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.
முதுகு: புண் இல்லை.
யார் செய்தது என்று எழுத
படிவத்தில் இடம் ஒன்றுதான் இருக்கிறது,
அதில் என் பெயர் போட்டிருக்கிறேன்.